பால் ஸ்க்ரூவுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் பேனலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்

கோவை கணபதியில் சின்னதாக ஒரு ஜாப் வொர்க் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு பழைய வி.எம்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் மெஷின்). பம்பு ஹவுசிங்கும் அலுமினிய பிளேட்டும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. போன வருடம் வி.எம்.சி.யின் கண்ட்ரோலர் போர்டு போய்விட்டது. மாற்றுப் போர்டு எங்கும் கிடைக்கவில்லை. ரெட்ரோஃபிட், அதாவது பழைய மெஷினுக்குப் புதுக் கட்டுப்பாட்டு அமைப்பு போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். புதுக் கண்ட்ரோலர், எக்ஸ், ஒய், இசட் மூன்று அச்சுக்கும் புது சர்வோ மோட்டார், அதை ஓட்டும் டிரைவ், வயரிங் எல்லாம் சேர்த்து 4,60,000 ரூபாய். பத்து நாளில் முடித்தார். எதையும் வெட்டாமல் காற்றில் ஒரு சதுரமும் ஒரு வட்டமும் ஓட்டிக் காட்டினார். 4,30,000 ரூபாயைக் கொடுத்துவிட்டேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. என்ன செய்து வைத்திருந்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன். ரெட்ரோஃபிட் செய்த மெஷின் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

முதல் வாரமே அளவு ஓட ஆரம்பித்தது. காலையில் முதல் பிளேட் சரியாக வரும். ஐந்தாவது பிளேட்டில் பாக்கெட் எக்ஸ் பக்கம் 0.2 மி.மீ. தள்ளி நிற்கும். ஹோம் எடுத்தால் (மெஷினை அதன் தொடக்கப் புள்ளிக்கு அனுப்பினால்) மறுபடி சரியாகிவிடும். போன் செய்தேன். வந்தார், டேபிளைக் கையால் ஆட்டிப் பார்த்தார், "பால் ஸ்க்ரூ தேய்ஞ்சுடுச்சு சார், மாத்தணும்" என்றார். மோட்டாரின் சுழற்சியை டேபிளின் நகர்வாக மாற்றும் திருகுத் தண்டுதான் பால் ஸ்க்ரூ. 1,40,000 ரூபாய் கொட்டேஷன். பழைய மெஷின்தானே, இருக்கும் என்று நானும் நம்பினேன். ஆர்டர் கொடுக்கப் பணம் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறோம். பால் ஸ்க்ரூ தேய்ந்தால் பேக்லாஷ் என்னும் தளர்வு வரும். திசை திரும்பும்போது 0.02 என்றால் ஒவ்வொரு முறையும் அதே 0.02தான். அது சேர்ந்துகொண்டே போகாது. முதல் ஜாபில் 0.04, இரண்டாவதில் 0.08, மூன்றாவதில் 0.12 என்று ஏறிக்கொண்டே போனால் அது ஸ்க்ரூ இல்லை. மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங் வழுக்குகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதுவும் இறுக்கமாக இருந்தால், நகரச் சொல்லிக் கண்ட்ரோலர் அனுப்பும் பல்ஸுக்கும் (மின் துடிப்பு) டிரைவ் எண்ணும் பல்ஸுக்கும் நடுவில் ஏதோ தொலைகிறது என்று அர்த்தம். அப்போது எனக்கு இது தெரியாது.

ஸ்க்ரூவுக்கு முன்பணம் கட்ட இரண்டு நாள் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெரிய விபத்தே நடந்திருக்கும். ஃபேஸ் மில் (மேல்முகத்தைச் சீவும் கட்டர்) ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ் டிரைவ் ஓவர்லோடு அலாரம் அடித்து நின்றுவிட்டது. ஆனால் அது நின்றது கண்ட்ரோலருக்குத் தெரியவில்லை. ஸ்க்ரீனில் எக்ஸ் எண் ஓடிக்கொண்டே இருந்தது, ஒய்யும் இசட்டும் தங்கள் பாட்டுக்கு நகர்ந்தன, கட்டர் பக்கவாட்டில் கிளாம்பில் மோதியது. ஆபரேட்டர் தம்பி ஓடிப் போகாமல் எமர்ஜென்சியை அடித்தான். அடித்த நொடியில் ஸ்பிண்டிலைத் தாங்கும் இசட் ஹெட் மொத்தமாகக் கீழே விழுந்தது. நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். கூலன்ட் பைப்பைத் திருப்ப நீட்டியிருந்த அவன் இடது கை அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கதவைத் திறந்து வைத்து ஓட்டியது எங்கள் தவறு, அதை மறைக்கவில்லை. ஆனால் நிறுத்துவதற்காக வைத்த பட்டனை அழுத்தினால் தலை விழும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

"அண்ணா, இனி இந்த மெஷின்ல நான் நிக்க மாட்டேனுங்க" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

ரெட்ரோஃபிட்காரர் போனை எடுக்கவில்லை. மெயின்டனன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை நண்பர் அழைத்து வந்தார். அவர் ஜாப் எதையும் கேட்கவில்லை, நேராக மின் பேனலைத் திறந்தார்.

மூன்று டிரைவிலும் அலாரம் அவுட்புட் என்று ஒரு முனை இருக்கிறது. டிரைவ் கோளாறில் நின்றால் அந்த முனை கண்ட்ரோலருக்குச் சொல்லும், கண்ட்ரோலர் எல்லா அச்சையும் நிறுத்தும். எங்கள் மெஷினில் அந்த முனைகள் காலியாக இருந்தன. கண்ட்ரோலரின் அலாரம் இன்புட்டில் ரெட்ரோஃபிட்காரர் ஒரு விரல் நீளச் சிவப்பு வயரைப் போட்டு, எப்போதும் 'எல்லாம் சரி' என்று காட்டும்படி ஜம்பர் செய்திருந்தார்.

அடுத்து இசட் பிரேக். மோட்டாருக்குள் இருக்கும் பிரேக்குக்கு 24 வோல்ட் கொடுத்தால் அது விடும், எடுத்தால் பிடிக்கும். அந்த 24 வோல்ட்டை டிரைவின் பிரேக் அவுட்புட் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகக் கட்டுப்படுத்த வேண்டும். சர்வோ விடும் முன்பே பிரேக் பிடிக்கும்படி நேர இடைவெளியும் டிரைவில் வைக்கலாம். இவர் ரிலேயே போடவில்லை, பவர் சப்ளையிலிருந்து நேராகக் கொடுத்திருந்தார். மெயினை அணைத்தால் பிரேக் பிடித்துவிடும், அதனால் தினமும் ராத்திரி எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. எமர்ஜென்சியில் சர்வோ மட்டும்தான் போகும், 24 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். அதுதான் தலை விழுந்த காரணம். ஒரு ரிலே என்ன விலை சொல்லுங்கள். அதை மிச்சம் பிடிக்க ஒரு பையனின் கையைப் பணயம் வைத்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

பொசிஷன் எவ்வளவு பின்தங்கினால் அலாரம் அடிக்க வேண்டும் என்ற பாராமீட்டரை, டிரைவ் அனுமதிக்கும் கடைசி எண்ணுக்கு ஏற்றி வைத்திருந்தார். பொசிஷன் கெயின், அதாவது பின்தங்கலை டிரைவ் எவ்வளவு வேகமாகச் சரிசெய்யும் என்ற எண், எக்ஸில் 40, ஒய்யில் 35. ஒய்யில் சத்தம் வந்திருக்கும், குறைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஃபீட் ஃபார்வர்டு (பின்தங்கலை முன்கூட்டியே ஈடுகட்டும் வசதி) போடாத டிரைவில் நிமிடத்துக்கு 600 மி.மீ. ஓட்டினால் எக்ஸ் 0.25 மி.மீ. பின்தங்கும், ஒய் 0.286. இரண்டும் ஒரே அளவு பின்தங்கினால் பரவாயில்லை, வட்டம் வட்டமாகவே வரும். வேறுபட்டால் 45 டிகிரி சாய்ந்த முட்டை. நாங்கள் வெட்டிய வட்டத் துளைகளில் 0.07 மி.மீ. ஓவல் வந்ததன் ரகசியம் இதுதான். நான் ஸ்பிண்டில் பேரிங்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பால் ஸ்க்ரூ விஷயம். பெரியவர் டேபிளில் நகர்வை அளக்கும் டயலை வைத்து பூஜ்யம் செய்தார். எக்ஸை 1 மி.மீ. முன்னும் பின்னும் நூறு தடவை ஓடவிட்டு, பழைய இடத்துக்கே வரச் சொன்னார். டயல் 0.2 காட்டியது. டிரைவின் டிஸ்பிளேயில் வந்து சேர்ந்த பல்ஸ் எண்ணிக்கையைப் பார்த்தார். அதிலும் 200 பல்ஸ் வித்தியாசம். எங்கள் செட்டிங்கில் ஒரு பல்ஸ் ஒரு மைக்ரான், அதாவது 0.001 மி.மீ. "ஸ்க்ரூ கிட்ட போகும் முன்னாடியே தப்பு நடந்துடுச்சுங்க" என்றார். திசை சிக்னல் மாறிச் சில மைக்ரோ செகண்ட் கழித்துத்தான் பல்ஸ் வர வேண்டும். கண்ட்ரோலரில் பல்ஸின் விளிம்பு (சிக்னல் ஏறும்போது எண்ணுவதா, இறங்கும்போதா என்பது) தலைகீழாக அமைக்கப்பட்டிருந்ததால் இரண்டும் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் திரும்பும்போது டிரைவ் சரியாக எடுத்தது, மறுபக்கம் திரும்பும்போது முதல் பல்ஸைத் தப்பான திசையில் எண்ணியது. போய் வரும் ஒவ்வொரு முறைக்கும் 2 மைக்ரான். ஒரே ஒரு பாராமீட்டரை மாற்றினார். நூறு தடவை மறுபடி ஓட்டினோம். டயல் பூஜ்யத்தில் நின்றது.

அந்தப் பாராமீட்டருக்குத்தான் ரெட்ரோஃபிட்காரர் என்னிடம் 1,40,000 ரூபாய் கேட்டிருந்தார்.

எல்லாவற்றையும் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. பெரியவர் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். கண்ட்ரோலரின் ஒரு ஸ்க்ரீன் பக்கம் மட்டும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக் கிடக்கிறது. பாராமீட்டர் பேக்கப் கேட்டு ரெட்ரோஃபிட்காரருக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில் இல்லை.

உங்களிடம் யாராவது ரெட்ரோஃபிட் முடித்துக் கொடுத்தால், கடைசித் தவணைக்கு முன் அவர் கண் முன்னாலேயே இதைச் செய்யுங்கள். ஸ்பிண்டிலுக்குக் கீழே கனமான மரக்கட்டையை வைத்து, ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு, எமர்ஜென்சியை அடியுங்கள். தலை அசையக் கூடாது. சர்வோ ஆனில் இருக்கும்போதே ஒரு டிரைவின் அலாரம் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். கண்ட்ரோலர் கத்த வேண்டும். டயலை வைத்து நூறு தடவை ஓட்டச் சொல்லுங்கள். பாராமீட்டர் எல்லாவற்றையும் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள், பாஸ்வேர்டோடு. முகம் சுளித்தால் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி இரண்டு வாரம் கழித்து அதே மெஷினுக்குத் திரும்பி வந்தான். டூல் மாற்றும்போது இன்றும் ஸ்பிண்டிலுக்கு அடியில் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கையை உள்ளே விடுகிறான். ஒரு நிமிடம் கூடுதலாகும். ஆகட்டும்.