ஒரு தவணைகூட விடாமல் கட்டினோம், வீடு ஏலம் வரை போனது: எஸ்க்ரோ எச்சரிக்கை

டெக்ஸாஸில் வீடு வாங்கியிருக்கிறவர்கள், அதிலும் புது சப்டிவிஷனில் வாங்கியவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். நானும் என் மனைவியும் இதுவரை ஒரு மாதத் தவணைகூடத் தவறவிட்டதில்லை. அப்படியும் போன மார்ச்சில் ஒரு வக்கீல் ஆபீஸிலிருந்து சர்டிஃபைட் மெயில் வந்தது. ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் வீடு ஏலம் விடப்படும் என்று அதில் இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கடன் வேறொரு சர்வீசர் கைக்கு மாறியது. மாதா மாதம் பணம் வாங்குவதும், அதில் ஒரு பங்கை எஸ்க்ரோ என்கிற தனிக் கணக்கில் சேர்த்து வைத்து வீட்டு வரியும் இன்சூரன்ஸும் கட்டுவதும் இவர்கள் வேலை. புது சர்வீசர் டிசம்பரில் 9,400 டாலர் வரி கட்டியதாகக் கணக்கு காட்டினார்கள். எங்கள் எஸ்க்ரோவிலிருந்து பணம் போனது உண்மைதான். ஆனால் அது பக்கத்து மனையின் வரிக் கணக்கில் போய் விழுந்திருக்கிறது. எங்கள் கணக்கு எண் 4-இல் முடிகிறது, பக்கத்து வீட்டுடையது 5-இல். அந்த ஒரு இலக்கத்தை அங்கே ஒருவரும் சரிபார்க்கவில்லை.

இங்கே வீட்டு வரிக்கு ஜனவரி 31 கடைசி நாள். பிப்ரவரி பிறந்தால் அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம், பிறகு மாதா மாதம் ஏறி ஜூலையில் 18 சதவீதம், அதற்கு மேல் வசூல் வக்கீலுக்கு 20 சதவீதம் வரை. எங்கள் வீட்டுக்கு உண்மையில் வர வேண்டிய வரி 9,600 டாலர் பாக்கி என்று கவுண்டி (வரி வசூலிக்கிற உள்ளூர் நிர்வாகம்) கேட்டபோது சர்வீசர் ஜூனில் 15 சதவீத அபராதத்தோடு 11,040 டாலர் கட்டினார்கள். அதையும் எங்கள் எஸ்க்ரோவிலிருந்தே எடுத்தார்கள். உடனே எஸ்க்ரோவில் பெரிய பற்றாக்குறை என்று சொல்லி, அதை 12 மாதத்துக்குப் பிரித்து, 2,960 ஆக இருந்த தவணையை 3,880 ஆக்கிவிட்டார்கள்.

கஸ்டமர் கேரில் கேட்டால், "ரிசர்ச் டீமுக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வரும்வரை பழைய தொகையையே கட்டுங்கள்" என்றார்கள். அப்படியே கட்டினோம். முதலில் வந்த பணத்தைக் கடனில் வரவு வைக்காமல் சஸ்பென்ஸ் என்ற தனிக் கணக்கில் போட்டு வைத்தார்கள், அதற்கப்புறம் வந்ததைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். பழைய தொகையைக் கட்டச் சொன்னதே நீங்கள்தானே என்று கேட்டால், உங்கள் கணக்கில் அப்படி ஒரு குறிப்பே இல்லை என்கிறார்கள்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். சட்டப்படி முழுத் தவணை என்பது அசல், வட்டி, எஸ்க்ரோ மூன்றும் சேர்ந்தது. எஸ்க்ரோ பங்கு குறைந்தாலும் அது முழுத் தவணை ஆகாது, அந்தப் பணத்தைக் கடனில் வரவு வைக்காமல் தனியாக நிறுத்தி வைக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. 120 நாள் பாக்கி தாண்டிவிட்டால் ஃபோர்குளோஷர், அதாவது வீட்டை ஏலம் விடும் நடவடிக்கை, ஆரம்பிக்கலாம். நாம் மாதா மாதம் பணம் அனுப்பிக்கொண்டே இருக்க, அவர்கள் கணக்கில் நாம் கடன் கட்டாதவர்கள். அதனால் போனில் யார் என்ன சொன்னாலும் எழுத்தில் வாங்காமல் நம்பாதீர்கள். முடிந்தால் கேட்கிற தொகையை முழுசாகக் கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள்.

டெக்ஸாஸில் வீடு வாங்கிய கடனுக்குப் பொதுவாக ஏலத்துக்குக் கோர்ட் உத்தரவு தேவையில்லை. நீதிபதி யாரும் உங்கள் காகிதத்தைப் பார்க்கப் போவதில்லை. பாக்கியைச் சரிசெய்ய ஒரு நோட்டீஸ், அப்புறம் ஏலத்துக்கு 21 நாள் முன்பு இன்னொரு நோட்டீஸ், அவ்வளவுதான். ஃபெடரல் விதியில், ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போது லாஸ் மிட்டிகேஷன் (ஏலத்தைத் தவிர்க்க மாற்று வழி கேட்கிற) விண்ணப்பத்தை முழுமையாகக் கொடுத்துவிட்டால், அதை முடிவு செய்யாமல் ஏலம் விடக்கூடாது. ஆனால் ஏல நோட்டீஸே 21 நாள் முன்புதானே வரும்! அதைக் கையில் வாங்கும்போது அந்த 37 நாள் போயே போயிருக்கலாம். தவணை பாக்கி என்று முதல் கடிதம் (டீஃபால்ட் நோட்டீஸ்) வந்த அன்றே இறங்கிவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஏல அறிவிப்பு கவுண்டியில் ஏறியதும் அது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. தபால் பெட்டி நிறைய மஞ்சள் அட்டைகள், ரொக்கம் தருகிறோம், வீட்டைக் கொடுங்கள் என்று. ஒருவர் நேராகவே வந்து கதவைத் தட்டினார். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார்தான் திறந்தார். சாயங்காலம் நான் வந்ததும் அந்த ஆள் கொடுத்துவிட்டுப் போன கார்டை நீட்டி, "மாப்பிள்ளை, வீட்டை விக்கப்போறீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஏலத்தை நிறுத்தித் தருகிறோம் என்று முன்பணம் கேட்கிற கம்பெனிகளும் இந்தச் சமயத்தில்தான் வரும். அப்படி முன்பணம் வாங்குவதே ஃபெடரல் விதிக்கு விரோதம், ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். ஹட் என்கிற ஃபெடரல் வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகர்கள் இந்த உதவியை இலவசமாகவே செய்கிறார்கள்.

எங்களைக் காப்பாற்றியது காகிதம்தான். கவுண்டி வரி அலுவலகத்தின் தளத்தில் எந்த முகவரிக்கும் யார், எப்போது, எவ்வளவு கட்டினார்கள் என்று பார்க்கலாம், காசு கிடையாது. எங்கள் வீடு, பக்கத்து வீடு இரண்டின் ரசீதையும் எடுத்து, ரெஸ்பா என்கிற ஃபெடரல் வீட்டுக் கடன் சட்டப்படி 'நோட்டீஸ் ஆஃப் எரர்' (தவறு நடந்திருக்கிறது என்ற நோட்டீஸ்) என்று தலைப்புப் போட்டு சர்டிஃபைட் மெயிலில் சர்வீசருக்கு அனுப்பினோம். பணம் அனுப்புகிற முகவரிக்கு இதை அனுப்பக்கூடாது. இதற்கென்று தனி முகவரி வைத்திருப்பார்கள், ஸ்டேட்மெண்டில் அல்லது அவர்கள் தளத்தில் தேடுங்கள். நோட்டீஸ் வந்து சேர்ந்தது என்று சர்வீசர் 5 வேலை நாளில் சொல்ல வேண்டும், பொதுவாக 30 வேலை நாளில் பதில் தர வேண்டும். தகராறில் இருக்கிற தவணையை 60 நாளைக்குக் கிரெடிட் பீரோவுக்குப் பாக்கி என்று தெரிவிக்கவும் கூடாது. சி.எஃப்.பி.பி. என்கிற நுகர்வோர் நிதி அமைப்பிலும் புகார் போட்டோம். ஆனால் நோட்டீஸ் அனுப்பினால் மட்டும் ஏலம் தானாக நின்றுவிடாது. நாங்கள் வக்கீல் வைத்தோம். தடை உத்தரவுக்குக் கோர்ட்டுக்குப் போகிறோம் என்று அந்த இரண்டு ரசீதையும் இணைத்து அவர் எழுதிய பிறகுதான் ஏலத்தை விலக்கிக்கொண்டார்கள்.

இது ஏதோ எங்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. 2020 டிசம்பரில் சி.எஃப்.பி.பி.யும் மாநிலங்களும் நேஷன்ஸ்டார் என்ற பெரிய சர்வீசர் மேல் நடவடிக்கை எடுத்தபோது, கடன் வாங்கியவர்களின் வீட்டு வரியை உரிய நேரத்தில் கட்டவில்லை என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. எங்கள் சர்வீசர் வேறு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எஸ்க்ரோ ஏறினாலே ஏமாற்று என்று நினைக்காதீர்கள். இங்கே ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்து வரி போடுகிறார்கள். அன்றைக்கு வெறும் மனையாக இருந்தால் அந்த வருடம் மனைக்கு மட்டும் வரி, அடுத்த வருடம் முழு வீட்டுக்கும். அந்தப் பற்றாக்குறை நியாயமானது, சர்வீசரோடு சண்டை போட்டுப் பயனில்லை. மதிப்பீடு அதிகம் என்றால் வீட்டின் மதிப்பைக் கணக்கிடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில்தான் முறையிட வேண்டும், பொதுவாக மே 15-க்குள். குடியிருக்கிற சொந்த வீட்டுக்கு வரிச் சலுகை கேட்கிற ஹோம்ஸ்டெட் விண்ணப்பம் இன்னும் போடாமல் இருக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர், முதலில் அதைப் போடுங்கள்.

சர்வீசர் கடைசியில் எழுதிய பதிலில், வரி வேறொரு கணக்கில் செலுத்தப்பட்டது தெரியவந்தது என்று ஒரே ஒரு வாக்கியம். ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. 9,400 டாலரும் 1,440 டாலர் அபராதமும் எஸ்க்ரோவுக்குத் திரும்பி வந்தன. ஆனால் அவர்கள் வக்கீலின் ஃபோர்குளோஷர் கட்டணமும், வீட்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போனதற்கான இன்ஸ்பெக்ஷன் கட்டணமும் இன்னும் எங்கள் கணக்கில்தான் நிற்கின்றன. கிரெடிட் ரிப்போர்ட்டில் பாக்கி என்ற பதிவும் போகவில்லை. இவற்றுக்காக இரண்டாவது நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் வந்ததும் எழுதுகிறேன். சர்வீசர் மாறிய கடிதம் யாருக்காவது வந்திருந்தால், அவர்கள் வரி கட்டுகிற கணக்கு எண்ணையும் கவுண்டி தளத்தில் உங்கள் வீட்டுக்கு இருக்கிற எண்ணையும் இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜனவரி மூன்றாவது வாரம் இன்னொரு தடவை பாருங்கள், அப்போது தெரிந்தால்கூட 31-க்குள் சரிசெய்ய நேரம் இருக்கும்.