நகரத்துக்காகப் போட்ட செயலிகளில் போனில் மிஞ்சியவை

நகரத்தில் அலையும் எனக்குப் பயன்படும் என்று போட்ட செயலிகளில் முக்கால்வாசியை எடுத்துவிட்டேன், சில மட்டும் வருடக்கணக்காக இருக்கின்றன. காட்டும் தகவல் தவறென்றால் நானே திருத்த முடிய வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு நம்பலாம் என்று செயலியாவது சொல்ல வேண்டும். மிஞ்சியவை எல்லாம் இந்த ரகம்தான்.

முதலில் பஸ் நேரம். பஸ்ஸில் உள்ள ஜிபிஎஸ்ஸை வைத்துக் கணித்த நேரம் வேறு, கால அட்டவணையில் போட்ட நேரம் வேறு. ஜிபிஎஸ் நின்றுபோனால் சில செயலிகள் அட்டவணை நேரத்தையே '3 நிமிடம்' என்று காட்டிக்கொண்டிருக்கும், நாமும் நம்பி நிற்போம், பஸ் வராது. 'டிரான்சிட்' செயலியில் நேரலைக் கணிப்பாக இருந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன அலைக்குறி தெரியும். அந்தக் குறி இல்லையா, நான் மாற்றுவழி தேட ஆரம்பித்துவிடுவேன்.

வரைபடத்துக்கு 2021இல் வந்த 'ஆர்கானிக் மேப்ஸ்'. ஊர் வரைபடத்தை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம், விளம்பரமும் கிடையாது. சந்து பொந்து, நடைபாதை, குடிநீர்க் குழாய் வரைக்கும் காட்டும். ஆனால் போக்குவரத்து நெரிசலுக்கு இதை நம்ப முடியாது, வண்டி ஓட்டுபவர்கள் வேறொன்றும் வைத்திருக்கத்தான் வேண்டும்.

ஆர்கானிக் மேப்ஸுக்கு அடியில் இருப்பது 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்துவதை மிகவும் எளிதாக்கியது ஆண்ட்ராய்டில் உள்ள 'ஸ்ட்ரீட்கம்ப்ளீட்'. நடந்து போகும்போது பக்கத்தில் உள்ள இடங்களைப் பற்றிக் கேள்வி கேட்கும்: இந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார இடம் உண்டா, இந்தப் படிக்கட்டில் கைப்பிடி இருக்கிறதா, இந்தக் கடைக்குள் சக்கர நாற்காலி போகுமா? பதிலைத் தட்டினால் போதும், அது நேராகப் பொது வரைபடத்துக்குப் போய்விடும். எனக்கு இதில் பிடித்ததே, நான் சொன்ன பதில் இன்னொரு செயலியில் இன்னொருவருக்கு உதவுவதுதான். 2010இல் பெர்லினில் தொடங்கிய 'வீல்மேப்' இதே தரவை எடுத்து, சக்கர நாற்காலியில் போக முடிந்த இடத்தைப் பச்சையாகவும் முடியாததைச் சிவப்பாகவும் காட்டுகிறது. வாசலில் ஒரே ஒரு படி இருப்பது எனக்குக் கண்ணில்கூடப் படாது, சக்கர நாற்காலியில் வருபவருக்கு அதோடு பயணம் முடிந்துவிடும். அதனால் அந்தக் கேள்வி வந்தால் தாண்டாமல் பதில் போடுகிறேன்.

குழி, எரியாத தெருவிளக்குப் புகார்ச் செயலிகளில் நிறைய ஏமாற்றம். வேலையே நடக்காமல் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டால் மறுபடி திறக்க வழியில்லாத ஒன்றை அன்றைக்கே எடுத்துவிட்டேன். பிரிட்டனில் 2007இல் வந்த 'ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்' புகார்களை எல்லோர் கண்ணிலும் படும்படி வரைபடத்தில் வைக்கிறது, சரியாகாவிட்டால் அங்கேயே எழுதலாம். எல்லா ஊருக்கும் அப்படித்தான் வேண்டும்.

அப்புறம் ஒன்று, இருப்பிட அனுமதி. எல்லாவற்றுக்கும் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்றே வைத்திருக்கிறேன், இறங்கும் நிறுத்தத்தில் எழுப்பிவிடும் வசதிக்கு மட்டும் சிலவற்றில் கூடுதல் அனுமதி தேவைப்படலாம், அதைப் பயணம் முடிந்ததும் அணைத்துவிடுவேன்.