முன்சக்கர டயரைப் புரட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

2024 ஆடி மாதக் கடைசியில் ஒரு பிற்பகல். தூத்துக்குடித் துறைமுகத்தில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்துகொண்டிருந்த எங்கள் பத்துச் சக்கர லாரி, பந்தல்குடியைத் தாண்டியதும் இடது முன்சக்கர டயர் வெடித்துச் சாலையை விட்டு இறங்கியது. கரிசல் காட்டில் முன்சக்கரம் புதைந்து வண்டி நின்றது. ஓட்டுநர் அண்ணன் என் அப்பா காலத்திலிருந்து எங்களிடம் ஓட்டுகிறவர். "பிரேக்கில் கால் வைக்கவே இல்லை தம்பி. ஸ்டீயரிங்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன்" என்று போனில் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. இரண்டு மணிக்கட்டும் வீங்கி, பதினைந்து நாள் அவரால் சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியவில்லை.

எந்தப் பக்கத்து முன் டயர் வெடிக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். இடது டயர் என்பதால் காட்டுக்குள் போனது. வலது டயராக இருந்திருந்தால் நடுத்தடுப்பை உடைத்து எதிர்ப்பக்கம் பாய்ந்திருக்கும். பின்னால் ஜோடி ஜோடியாக டயர் இருக்கிறது; ஒன்று போனால் இன்னொன்று கொஞ்ச தூரம் தாங்கும். முன்னால் பக்கத்துக்கு ஒன்றுதான். இது தெரிந்திருந்தும் நான் ஏமாந்தேன். எப்படி ஏமாந்தேன் என்பதை முழுவதும் சொல்கிறேன்.

அந்த ஆண்டு சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் மதுரையில் ஒரு டயர் கடைக்குப் போனேன். பழைய முன் டயர்கள் தேய்ந்திருந்தன. 10.00 ஆர் 20 அளவில் ரேடியல், நேர்கோட்டுப் பள்ளம் உள்ள ரிப் டயர் ஒரு ஜோடி வேண்டும் என்றேன். கடைக்காரர் இரண்டு டயர்களைக் காட்டினார். பள்ளம் ஆழமாக இருந்தது, புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள் அப்படியே இருந்தன, மேலே பளபளப்பு. "அண்ணே, பழைய விலைச் சரக்கு, இன்றைக்கே எடுத்தால் குறைத்துத் தருகிறேன். பில் வேண்டாமென்றால் வரியும் மிச்சம்" என்றார். அப்போது டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம். ஜோடிக்குப் பல ஆயிரம் மிச்சம் என்ற கணக்கில் என் புத்தி நின்றுவிட்டது. பணமாகக் கொடுத்தேன். டீ வாங்கிக் கொடுத்து என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டு, வெளியே டியூப், அதற்கடியில் வைக்கும் பிளாப் என்ற ரப்பர் பட்டை போட்டு டிஸ்க்கில் (இரும்புச் சக்கரத்தில்) ஏற்றி வண்டியில் மாட்டிவிட்டார்கள். மாட்டும்போது நான் பக்கத்தில் நிற்கவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

வெடித்த டயரை அருப்புக்கோட்டையில் ஒரு டயர் மெக்கானிக் கழற்றி என் முன்னால் போட்டார். உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பக்கச் சுவரின் உள்ளே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒட்டு. வெளியே அந்த இடத்தில் ரப்பர் வைத்து, தேய்த்து, கறுப்பு பாலிஷ் அடித்திருந்தார்கள். தேதி எண் இருக்க வேண்டிய இடம் இயந்திரத்தால் தேய்க்கப்பட்டு வழவழப்பாக இருந்தது. அந்தப் பக்கத்தை வண்டியின் உள்புறம் பார்க்கும்படி மாட்டியிருந்தார்கள். கூடவே வந்த வலது டயரையும் கழற்றச் சொன்னேன். அதில் எண்ணைத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள்: 1419. அதாவது 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த டயர். ஐந்து ஆண்டு பழைய ரப்பரைப் புதிது என்று வாங்கியிருக்கிறேன்.

அந்த மெக்கானிக் விளக்கியது இன்னும் என் காதில் இருக்கிறது. ரேடியல் டயரின் பக்கச் சுவரில் எஃகுக் கம்பிகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு வரிசையாக ஓடுகின்றன. அந்த இடம்தான் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்கிறது. நாலு கம்பி அறுந்தால் அவற்றின் பாரத்தைப் பக்கத்துக் கம்பிகள் சுமக்கும். அவையும் களைத்து ஒவ்வொன்றாக விடும். கடைசியில் பையின் ஜிப் திறப்பதுபோல ஒரே நொடியில் கிழியும். மேல் ஒட்டு ரப்பரைத்தான் மூடும், அறுந்த கம்பியைச் சேர்க்காது. அந்த ஒட்டை நம்பித்தான் அண்ணன் நூற்று ஐம்பது கிலோமீட்டர் தூரத்தை வாரம் பலமுறை ஓட்டியிருக்கிறார். நினைத்தால் இப்போதும் எனக்குக் கை கால் ஓய்ந்துபோகிறது.

கடைக்குப் போய்க் கேட்டேன். முதலில் அதிக பாரம் என்றார், அடுத்து காற்றுக் குறைவு என்றார், கடைசியில் "இந்த டயர் எங்கள் கடையில் வாங்கியதற்கு என்ன ஆதாரம்?" என்றார். டயர் நிறுவனத்தில் கிளெய்ம் கேட்கலாமென்றால் வரிசை எண்ணும் இல்லை, பில்லும் இல்லை. வக்கீல் ஒருவரும் அதையே கேட்டார். வரி மிச்சம் என்று நான் நினைத்தது, என் கையால் நானே கிழித்துப்போட்ட சாட்சி. கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரிந்துதான் பில் வேண்டாமா என்று கேட்டிருக்கிறார்.

இனி டயர் எடுக்கப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். டயர் தரையில் கிடக்கும்போதே இரண்டு பக்கமும் புரட்டிப் பாருங்கள். நான்கு இலக்கத் தேதி பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அந்த இடம் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் என்ன விலை சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். டார்ச் அடித்து உள்ளே கையை விட்டுச் சுற்றிலும் தடவுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். 146/143 என்று எண் போட்டிருந்தால், அந்த டயர் தனியாக இருக்கும்போது 3,000 கிலோவும் ஜோடியில் இருக்கும்போது 2,725 கிலோவும் தாங்கும் என்று பொருள். முன்னால் அது தனியாகத்தான் நிற்கிறது, கூடுதல் சுமையையும் சுமக்கிறது. மூட்டைகளை கேபினை ஒட்டி அடுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தேய்ந்த மேல்பகுதியில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயரையும், தேய்ந்த பிறகு கத்தியால் பள்ளம் வெட்டிய டயரையும் முன்னால் போடவே போடாதீர்கள்.

நல்ல டயரும் கவனிப்பு இல்லாவிட்டால் நிற்காது. காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். நம் ஊர் வெயிலில் ஓடி வந்து நிற்கும் டயரில் பவுண்டு (காற்றழுத்தம்) ஏறித்தான் காட்டும்; அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் குறைந்த காற்றில் ஓட்டுகிறீர்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கர அலைன்மென்ட்டையும், முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னையும் பார்க்க வேண்டும். டயரைத் திட்டிப் பயனில்லை. பள்ளம் 1.6 மில்லிமீட்டர் வரை சட்டம் விடுகிறது. நான் 4 மில்லிமீட்டருக்கு வந்ததுமே முன்னாலிருந்து கழற்றிவிடுகிறேன்.

பில்லில் இரண்டு டயரின் வரிசை எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் காசு கொடுக்காதீர்கள். மாட்டி முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள், டீ அப்புறம் குடிக்கலாம்.

வெடித்த டயரை நான் பழைய இரும்புக்குப் போடவில்லை. திருமங்கலத்தில் எங்கள் லாரி செட்டின் சுவரோரம், 1419 டயருக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறேன். புது லாரி எடுத்திருக்கும் தம்பிகள் வரும்போதெல்லாம் அந்த ஒட்டின் மேல் கை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அண்ணனும் கூடவே வந்து நிற்பார், ஒன்றும் பேசமாட்டார்.