எஃப்எல் ஸ்டூடியோவா, ஏபிள்டன் லைவா?

கணினியில் இசை செய்யத் தொடங்குபவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இரண்டு இசை மென்பொருள்களுக்கும் நடுவில்தான்.

செலவு
எஃப்எல்: ஒருமுறை வாங்கினால் போதும், அப்புறம் வரும் புதிய பதிப்புகள் இலவசம்.
லைவ்: பெரிய பதிப்பு மாறும்போது மறுபடி பணம். ஆனால் கணினியில் இணைத்து வாசிக்கும் பல மிடி கீபோர்டுகளுடன், லைவின் சிறிய பதிப்பான லைவ் லைட் இலவசமாகவே வருகிறது. கீபோர்டு வாங்குமுன் அதைக் கேட்டுவிடுங்கள்.

சோதனைப் பதிப்பு
எஃப்எல்: காலவரம்பு இல்லை. சேமிக்கலாம், ஆனால் பணம் கட்டும்வரை சேமித்ததைத் திறக்க முடியாது.
லைவ்: 30 நாள், எல்லா வசதிகளும்.

பழகுவது
எஃப்எல்: திரையில் ஒரு வரிசையில் 16 கட்டங்கள்; எந்தக் கட்டத்தை அழுத்துகிறோமோ அங்கே ஒலி வரும். 1, 5, 9, 13-இல் கிக் டிரம்மை (கனத்த அடி ஒலி) வைத்தால் ஹவுஸ் என்ற நடன இசையின் தாளம் உடனே ஓடும். புதியவரை விடாமல் உட்கார வைப்பது இந்த உடனடி மகிழ்ச்சிதான். விலையைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.
லைவ்: செஷன் வியூ என்ற திரையில் இசைத் துண்டுகளைத் தாளம் பிசகாமல் மாற்றி மாற்றி ஓடவிடலாம். தொடக்கத்தில் குழப்பும்.

வீட்டில் பீட் செய்து பழக எஃப்எல். மேடையில் நேரடியாக வாசிக்கும் ஆசை இருந்தால், குழப்பத்தைப் பொறுத்துக்கொண்டு லைவிலேயே தொடங்குங்கள். லைவ் லைட் ஏற்கெனவே கையில் இருக்கிறதா? சரி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம்.