பலகை ஓட்டமா, வாக்கிய ஏலமா?

ஆங்கில இலக்கணத்தை அணி விளையாட்டாக நடத்தப் பலரும் கையாளும் வழிகள் இவை இரண்டும். பலகை ஓட்டத்தில் ஆசிரியர் 'கோ' என்ற வினைச்சொல்லைச் சொன்னதும் அணிக்கு ஒருவர் கரும்பலகைக்கு ஓடிப்போய் அதன் இறந்தகால வடிவமான 'வென்ட்' என்பதை எழுத வேண்டும். பெரிய தயாரிப்பு தேவையில்லை, தூங்கி வழியும் வகுப்பும் எழுந்துவிடும். ஆனால் கை வேகம் உள்ளவர்தான் ஜெயிப்பார்; மற்றவர்கள் கைதட்டுவதோடு சரி. வினைச்சொல் வடிவங்களைப் பழக்க இது போதும்.

வாக்கிய ஏலம் வேறு ரகம். சரியும் தவறும் கலந்து பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள். ஒவ்வோர் அணிக்கும் கற்பனைப் பணம். சரியானதை மட்டும் வாங்க வேண்டும். 'ஷீ டிடின்ட் வென்ட்' ஏலத்துக்கு வந்தால் அணிக்குள் வாக்குவாதம் கிளம்பும்: 'டிட்' இருக்கும்போது 'வென்ட்' எப்படி வரும்? 'கோ'தானே வரணும்? அந்தச் சண்டைதான் பாடம். கூச்சப்படுகிறவர்களும் பக்கத்தில் இருப்பவரிடமாவது வாய் திறப்பார்கள். தவறான வாக்கியத்தை வாங்கிய அணி அதைத் திருத்திச் சொன்னால் பாதிப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு விதி சேர்த்தால் இன்னும் நல்லது. நேரம் என்னவோ நிறையப் பிடிக்கும், சத்தம் பக்கத்து வகுப்புவரை போகும்.

புதிய இலக்கணத்தை அறிமுகப்படுத்த இரண்டுமே தோதல்ல. நடத்தியதைத் திருப்பிப் பார்க்க என்றால் என் ஓட்டு ஏலத்துக்கு. மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் மிச்சம் என்றால் மட்டும் பலகை ஓட்டம்.