யார் யாருக்கு ஓட்டு: வாசலில் கேட்பதா, வீட்டில் கேட்பதா, பூத் கணக்கா?

ஓட்டு ரகசியம். "படித்தவர்கள் இந்தக் கட்சி, பெண்கள் அந்தக் கட்சி" என்று அடிபடும் சதவீதங்களைத் தேர்தல் அலுவலகம் தருவதில்லை. பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில்தான் அவை வருகின்றன: சாவடி வாசலில் கேட்கும் எக்சிட் போல், தேர்தலுக்குப் பின் வீட்டில் இருப்பவரிடம் கேட்கும் ஆய்வு, பூத் வாரியான முடிவை அங்குள்ள சமூகங்களோடு ஒப்பிடும் பூத் கணக்கு.

எக்சிட் போலில் வேகம் உண்டு. சாவடியிலிருந்து வெளியே வருவோரில் பத்தாவது ஆள், இருபதாவது ஆள் என வரிசை பிசகாமல் நிறுத்திக் கேட்க வேண்டும். கோளாறு மறுப்பவர்களிடம். மறுத்தவரின் வயதையும் பாலினத்தையும் பார்த்தே குறித்துக்கொள்ளலாம்; படிப்பு முகத்தில் தெரியுமா? நின்று படிவம் நிரப்புவோரில் பட்டதாரிகள் கூடிவிட்டால், பின்னால் சரிசெய்வது கடினம்.

2016 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பாருங்கள். வெள்ளையினப் பட்டதாரிகளில் டிரம்ப் 48%, கிளின்டன் 45% என்றது எக்சிட் போல். தேர்தல் முடிந்த கையோடு கேட்டு, ஓட்டுப் போட்டதை வாக்காளர் பதிவேட்டிலும் சரிபார்த்த, பியூ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆய்வில் கிளின்டன் 55%, டிரம்ப் 38%. அப்படியே தலைகீழ். பட்டம் பெறாத வெள்ளையர் மொத்த வாக்காளரில் 34% என்றது முதலாவது. 44% என்றது இரண்டாவது.

என் ஓட்டு இரண்டாவதற்கே. ஆனால் அது தாமதமாக வரும். யார் வாக்களித்தார் என்ற பதிவேடு கிடைக்காத நாட்டில் சரிபார்ப்பும் நடக்காது. காலம் கடந்து கேட்டால் ஜெயித்தவருக்குப் போட்டதாகச் சொல்பவர்களும் கூடிவிடுவார்கள். சிறு பிரிவுகளில் இன்னும் கவனம் தேவை: 150 பேரிடம் கேட்டால் பிழை எல்லை, அதாவது உண்மை எண் மேலேயோ கீழேயோ விலகக்கூடிய அளவு, 8 புள்ளி; இருமுனைப் போட்டியில் கட்சிகளின் இடைவெளிக்கு அதுவே 16.

பூத் கணக்கில் யாரும் பொய் சொல்ல முடியாது, வாக்குகள் எண்ணப்பட்டவை. ஆனால் அது பூத்தின் கணக்கு, ஆளின் கணக்கு அல்ல. 1,000 ஓட்டில் 700 ஒரு சமூகத்தினுடையது, கட்சிக்கு 600 ஓட்டு என்று வைப்போம். மீதி 300 பேரும் அந்தக் கட்சிக்கே போட்டிருந்தால் அச்சமூகத்தின் ஆதரவு 300 ஓட்டுதான், அதாவது 43%. ஒருவருமே போடவில்லை என்றால் 86%. இந்த அகலத்தை வைத்து என்ன சொல்வது? அதே சமூகம் 950 ஓட்டாக இருந்தால் விடை 58-க்கும் 63-க்கும் நடுவில் அடங்கிவிடும். ஆக, ஒரே சமூகம் செறிந்து வாழும் பூத்களுக்கு மட்டும் இது உதவும். ஆண், பெண் வேறுபாட்டுக்கு உதவவே உதவாது. கலந்து போடும் சாவடியில் இருபாலரும் ஏறக்குறைய பாதிப் பாதி.

எந்த வழியில் வந்தாலும் அட்டவணையை எந்தத் திசையில் படிக்கிறோம் என்பது வேறு தலைவலி. வாக்காளரில் 20% இளைஞர். அவர்களில் 60% பேரும் மற்றவர்களில் 45% பேரும் ஒரு கட்சிக்குப் போடுகிறார்கள். கட்சி பெறுவது 48%. அதில் இளைஞர் ஓட்டு 12, கால் பங்கு. தலைப்பில் "இளைஞர் கட்சி" என்று போட்டுவிடுவார்கள், முக்கால்வாசி ஓட்டு மற்றவர்களுடையது.