ஒற்றைக் கம்பியில் ஒரு முழுக் கருவி: ஊக்கு மதிப்புரை

நல்ல ஊக்கை, அதை மூடும்போது விரலுக்குத் தெரியும் எதிர்ப்பை வைத்தே இனங்கண்டுவிடலாம். கூர்முனையை அழுத்தித் தொப்பிக்குள் கொண்டுசெல்லும்போது கம்பி சற்றே முரண்டுபிடிக்க வேண்டும். விரலை எடுத்ததும் தானாக எழும்பித் தொப்பியின் உட்புறத்தில் இறுகி நின்றுவிட வேண்டும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சோதிப்பதில்லை. அளவையும் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள். பொத்தான் அறுந்த அவசரத்தில் எல்லோரும் தேடும் இந்தச் சின்னப் பொருளை ஒருமுறையாவது நிதானமாக மதிப்பிட்டுப் பார்ப்பது தகும் என்று கருதுகிறேன்.

துணியில் ஊசியைக் குத்தி அதன் முனையை ஒரு கொக்கியில் மாட்டும் ஏற்பாடு மிகப் பழையது. ரோமானியர்கள் ஃபிபுலா என்ற அணியூசியால் மேலாடையைத் தோளில் பொருத்திக்கொண்டார்கள். இன்றைய ஊக்குக்கு வழிவகுத்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹன்ட். 1849 ஏப்ரல் 10 அன்று அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. சுருள்வில்லும் கொக்கியும் ஊசியும் ஒரே கம்பியில் அமைந்திருப்பதால், ஒடிவதற்கு இணைப்போ தேய்வதற்கு அச்சோ இதில் இல்லை என்று அவர் அதில் வாதிட்டிருந்தார். 15 டாலர் கடனை அடைப்பதற்காக அந்த உரிமையை 400 டாலருக்கு அவர் விற்றுவிட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1830களில் தையல் இயந்திரம் ஒன்றையும் உருவாக்கியவர் இதே ஹன்ட்தான். தைப்பதற்கு ஒரு கருவி, தைக்க நேரம் இல்லாதபோது உதவ இன்னொரு கருவி என இரண்டும் ஒரே மனத்தில் உதித்திருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஊக்கின் உயிர் அதன் சுருளில் இருக்கிறது. கம்பியை வெறுமனே மடித்துவிட்டால், திறந்து மூடும் விசை முழுவதும் அந்த ஒரே மடிப்பில் விழுந்து, கம்பி விரைவில் வளைந்தபடியே நின்றுவிடும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாலோ அந்த வளைவு நீளமான கம்பியில் பரவிவிடுவதால், எத்தனை முறை திறந்தாலும் பழைய நிலைக்கு மீள்கிறது. மூடிய ஊக்கில் முனை எப்போதும் வெளிப்புறமாகத் தொப்பியை அழுத்திக்கொண்டே இருக்கிறது; அதைத் திறப்பதற்கு முதலில் உள்நோக்கி அழுத்தி, பிறகு பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். துணியின் சாதாரண இழுப்பு இந்த இரண்டு அசைவுகளையும் அடுத்தடுத்துச் செய்வது அரிது. நாள் முழுவதும் ஓடியாடினாலும் ஊக்கு பெரும்பாலும் திறந்துகொள்ளாமல் இருப்பதன் காரணம் இதுவே.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மெல்லிய துணி சுருளுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டால், இழை அறுபடாமல் அதை மீட்பதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். அத்தகைய துணிக்குச் சுருளே இல்லாத, பேரிக்காய் வடிவிலான சிறு ஊக்குகள் மேலானவை, ஆனால் அவை கனத்த துணியைத் தாங்கா. இன்று பரவலாக விற்கும் ஊக்குகளில் தொப்பி தனித் தகடாகச் செய்யப்பட்டுக் கம்பியின்மேல் நெரித்துப் பொருத்தப்படுகிறது. மலிவான ஊக்குகள் முதலில் கைவிடும் இடமும் அந்தப் பொருத்துதான். முலாம் தேய்ந்த எஃகு ஊக்கு ஈரத்துணியில் விட்டுச்செல்லும் துருக்கறை எளிதில் போவதில்லை. முனை மழுங்கியிருந்தால் இழைகளை விலக்குவதற்குப் பதிலாக அது கிழித்துவிடுகிறது.

இருந்தும், செய்வதற்கென்று விதிக்கப்பட்ட வேலையைத் தாண்டி இத்தனை வேலை செய்யும் பொருள் வேறு எது என்று தெரியவில்லை. இடுப்புப் பட்டிக்குள் நாடா கோக்கும்போது ஊக்கை நாடாவின் நுனியில் மாட்டி மூடிவிட்டால், துணிக்கு மேலிருந்தே விரலால் அதைத் தடவிப் பிடித்து நகர்த்திச் செல்லலாம். குண்டூசியால் இது ஆகாது. அறுந்துபோன ஜிப்பின் இழுப்பானாகவும், உதிரிச் சாவிகளைக் கோத்து வைக்கும் வளையமாகவும் அது மாறிவிடுகிறது. பெரிய ஊக்கு ஒன்றிலேயே சின்ன ஊக்குகளை வரிசையாகத் தொங்கவிட்டு வைக்கலாம் என்பதால், தன்னைச் சேமித்துக்கொள்ளும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்கிறது.

வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை இது: துவைக்கும் துணியோடு இருக்கப்போகும் ஊக்கு பித்தளையாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும், குழந்தையின் துணிக்கு, பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தலை கொண்டதையே தேர்ந்தெடுங்கள், மற்ற தேவைகளுக்கு நிக்கல் முலாம் பூசிய சாதாரண எஃகு ஊக்கே போதும். ஒரே அளவில் நிறைய வாங்குவதைவிட மூன்று அளவுகள் கலந்த டப்பா பயன்படும். எந்த டப்பாவானாலும் ஒன்றை எடுத்துத் திறந்து, மூடி, தொப்பி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.